கோல்ஃப் மட்டையைத் தொடாதவருக்கும் 'கோல்ஃபர்ஸ் எல்போ'!

"கோல்ஃபா? அது பணக்காரங்க விளையாட்டாச்சே! நமக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்?" என்றுதானே கேட்கிறீர்கள்? கொஞ்சம் பொறுங்கள்.

ஈரத் துணியைப் பிழியும்போது முழங்கையின் உட்பக்கம் 'சுரீர்' என்கிறதா? தண்ணீர்க் குடத்தைத் தூக்கினால் பிடி நழுவுகிறதா? பாட்டில் மூடியைத் திறக்கப் பிள்ளைகளைக் கூப்பிட வேண்டியிருக்கிறதா? அப்படியென்றால், பச்சைப் புல்வெளியில் வெள்ளைப் பந்தை அடிக்கிறவர்களுக்கு வருகிற அதே கோளாறு உங்கள் வீட்டுக்கும் வந்திருக்கலாம். டாக்டர்கள் அதற்கு வைத்திருக்கும் செல்லப் பெயர் 'கோல்ஃபர்ஸ் எல்போ'. அதாவது கோல்ஃப் ஆட்டக்காரர் முழங்கை.

சின்ன காஞ்சிபுரத்தையே எடுத்துக் கொள்ளுங்கள். அங்கே கோல்ஃப் மைதானம் கிடையாது. வரதராஜப் பெருமாள் கோயில் கோபுரம் தெரிகிற தெருக்களில் இருப்பவை பட்டுத் தறிகள்தான். காலையிலிருந்து மாலைவரை நாடா வீசி, பலகை இழுத்து, உங்கள் வீட்டுக் கல்யாணச் சேலையை நெய்கிற கைகள் அங்கே இருக்கின்றன. அந்தக் கைகளுக்கும் இந்த கோல்ஃப் வலி வரும். வந்தால் அவர்கள் விளையாட்டை நிறுத்தினால் போதாது... தறி நின்றுவிடும், கூலி நின்றுவிடும். அதனால்தான் இதை விளையாட்டாக எடுத்துக்கொள்ள முடியாது!

பெயரில் என்ன இருக்கிறது?

சச்சின் டெண்டுல்கர் நினைவிருக்கிறதா? 2004-ல் முழங்கை வலியால் பல ஆட்டங்களைத் தவறவிட்டார். 2005 மே மாதம் லண்டனில் அறுவை சிகிச்சையே செய்துகொண்டார். அவருக்கு வந்தது 'டென்னிஸ் எல்போ'. ஆடியது கிரிக்கெட், வந்தது டென்னிஸ் வியாதி! ஆக, வியாதி விளையாட்டின் பெயரைத்தான் வாங்கிக்கொள்கிறதே தவிர, ஆளைப் பார்த்து வருவதில்லை.

இரண்டுக்கும் வித்தியாசம் ரொம்ப எளிது. கையைத் தொங்கவிட்டு, உள்ளங்கையை முன்பக்கம் காட்டி நில்லுங்கள். முழங்கையில் இரண்டு பக்கமும் எலும்பு முடிச்சுகள் தட்டுப்படும். உடம்பை விட்டு விலகி, வெளிப்பக்கம் இருக்கிற முடிச்சில் வலித்தால் டென்னிஸ் எல்போ. உடம்பை ஒட்டி, உட்பக்கம் இருக்கிற முடிச்சில் வலித்தால் கோல்ஃபர்ஸ் எல்போ.

மணிக்கட்டை மேல்நோக்கித் தூக்குகிற தசைகள் வெளி முடிச்சில் பிடித்துக்கொண்டிருக்கின்றன. மணிக்கட்டை உள்நோக்கி மடக்குகிற, விரல்களை இறுக்கிப் பிடிக்கிற தசைகள் உள் முடிச்சில் பிடித்துக்கொண்டிருக்கின்றன. வேலை செய்வது மணிக்கட்டும் விரலும். வலி தெரிவது முழங்கையில். 'அடி ஓரிடம், வலி வேறிடம்' என்பது இதுதான்!

பின்லாந்தில் 30 முதல் 64 வயதுவரை உள்ளவர்களைப் பரிசோதித்து 2006-ல் வெளியிட்ட ஆய்வில், ஆயிரம் பேரில் சுமார் 13 பேருக்கு வெளிப்பக்க வலியும், 4 பேருக்கு உட்பக்க வலியும் இருந்தன. கையால் பலமாக, திரும்பத் திரும்ப ஒரே வேலையைச் செய்கிறவர்களுக்கும், புகை பிடிக்கிறவர்களுக்கும், உடல் பருமன் உள்ளவர்களுக்கும் ஆபத்து கூடுதல் என்றும் தெரிந்தது.

கெட்டுப்போன அடி சொல்லும் பாடம்

கோல்ஃபில் 'ஷேங்க்' என்று ஓர் அவமானம் உண்டு. அந்த வார்த்தையைச் சொன்னாலே தொற்றிக்கொள்ளும் என்று சில ஆட்டக்காரர்கள் வாயால்கூடச் சொல்ல மாட்டார்கள்! விஷயம் இதுதான்: 'அயர்ன்' என்கிற இரும்புத் தலை மட்டையால் பந்தை அடிக்கும்போது, தலையின் நடுப்பாகம் பந்தில் பட வேண்டும். அப்படிப் படாமல், தலையும் கம்பும் சேருகிற கழுத்துப் பாகம் பட்டுவிட்டால், பந்து நேரே போகாமல் 'விர்'ரென்று வலப்பக்கம் பாய்ந்துவிடும். (இடக்கைக்காரருக்கு இடப்பக்கம்.)

ஒருமுறை இப்படி ஆனால் ஆட்டக்காரர் பயந்துபோவார். பயத்தில் மட்டையை இன்னும் இறுக்கிப் பிடிப்பார். இறுக்கினால் கை விறைக்கும். விறைத்த கை மட்டையைச் சரியான பாதையில் கொண்டுவராது. மறுபடி ஷேங்க்! இந்த இறுக்கத்தோடு நூறு, இருநூறு பந்துகளை அடித்துப் பழகினால், நடுவே நாலைந்து முறை மட்டை தரையிலும் மோதினால், அத்தனை அதிர்ச்சியையும் வாங்குவது முழங்கையின் உள்முடிச்சு.

நல்ல பயிற்சியாளர் என்ன செய்வார் தெரியுமா? பந்து எங்கே போனது என்று பார்த்துக்கொண்டிருக்க மாட்டார். மூன்று விஷயங்களைப் பார்ப்பார்.

ஒன்று: நிற்கிற நிலை. உடம்பின் பாரம் கால்விரல் நுனிக்குப் போய்விட்டால், அடிக்கும்போது உடம்பே பந்தின் பக்கம் சாய்ந்துவிடும். மட்டைக் கழுத்து பந்துக்கு நேரே வந்துவிடும். பாரத்தைப் பாதத்தின் நடுவுக்குக் கொண்டுவரச் சொல்வார்.

இரண்டு: மட்டை வருகிற பாதை. பந்துக்கு அந்தப் பக்கம், சற்றுத் தள்ளி ஒரு காலி அட்டைப்பெட்டியை வைப்பார். பெட்டியில் இடிக்காமல் பந்தை மட்டும் அடித்தால் பாதை சரி. பெட்டி பறந்தால், கை வெளியே போகிறது என்று அர்த்தம்.

மூன்று: பிடி. "குருவிக்குஞ்சைப் பிடிக்கிற மாதிரி பிடிங்க. பறந்தும் போகக்கூடாது, நசுங்கவும் கூடாது" என்பார்கள் கோல்ஃப் ஆசிரியர்கள்.

கவனித்தீர்களா? அவர் பந்துக்கு வைத்தியம் பார்க்கவில்லை. கையின் பழக்கத்துக்கு வைத்தியம் பார்த்தார். முழங்கை வலிக்கும் அதே கதைதான். முழங்கையில் தைலம் தடவிக்கொண்டே, வலியை உண்டாக்கிய பிடியை அப்படியே வைத்திருந்தால், வலி போன வேகத்தில் திரும்பி வரும்.

தறியில் நடப்பது என்ன?

குழித்தறியில் உட்கார்ந்திருக்கும் நெசவாளரைப் பார்த்திருக்கிறீர்களா? கால் மிதியை அழுத்துகிறது. பாவு இழைகள் இரண்டாகப் பிரிந்து வழி விடுகின்றன. கை நாடாவை வீசுகிறது. அடுத்த நொடி பலகையை இழுத்து ஊடை இழையை நெருக்கி அடிக்கிறது. ஓர் இழைக்கு ஒரு வீச்சு, ஓர் அடி. ஓர் அங்குலப் பட்டுக்கே பல டஜன் இழைகள். ஐந்தரை மீட்டர் சேலைக்கு எத்தனை வீச்சு, எத்தனை அடி என்று நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள்!

காஞ்சிபுரத்தின் பெருமையே கோர்வைச் சேலை. உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். இதற்கு மூன்று நாடாக்கள் வேண்டும். நெசவாளர் ஒருவர் போதாது. கரை நாடாவை வீச இன்னொருவர் பக்கத்தில் உட்கார வேண்டும். ஒருவர் கை வலித்தால் இரண்டு பேர் வேலை நிற்கும்.

நாடாவை விரல்களால் இறுக்கிப் பிடிப்பது, மணிக்கட்டை உள்நோக்கி வெட்டி வீசுவது, பலகையைப் பிடித்து இழுப்பது... மூன்றுமே உள்முடிச்சுத் தசைகளின் வேலை. முகூர்த்த மாதங்களுக்கு முன்னால் ஆர்டர் குவிந்து, எட்டு மணி நேரம் உட்கார்கிறவர் திடீரென்று பன்னிரண்டு மணி நேரம் உட்கார்ந்தால் கேட்கவே வேண்டாம். தசைநாணுக்குப் பிடிக்காத விஷயம் வேலையல்ல. திடீரென்று கூடுகிற வேலை!

உங்கள் வீட்டிலும் தறி இருக்கிறது, வேறு உருவத்தில். பெட்ஷீட் பிழிவது, தேங்காய் துருவுவது, கிரைண்டர் கல்லைத் தூக்கி வைப்பது, நெரிசலில் கிளட்ச் பிடித்து டூவீலர் ஓட்டுவது... எல்லாமே அதே தசைகள்தான்.

உள்ளே என்ன ஆகிறது?

தசையை எலும்போடு கட்டிவைக்கிற கயிறு தசைநாண். பட்டுப் பாவு மாதிரி, ஆயிரக்கணக்கான நுண்ணிய இழைகள் நெருக்கமாக, ஒரே வரிசையில் ஓடும். பாவில் ஓர் இழை அறுந்தால் நெசவாளர் முடிச்சுப் போட்டு மேலே போவார். நம் உடம்பும் அப்படித்தான். இரவில் ஓய்வெடுக்கும்போது அறுந்ததைச் சரிசெய்துகொள்ளும். முடிச்சுப் போடும் வேகத்தைவிட அறுகிற வேகம் அதிகமானால்? இழைகள் வரிசை தப்பி, சிக்கலாகிப் போகும். நாற்பது வயதுக்கு மேல் இந்தப் பழுதுபார்க்கும் வேலையும் மந்தமாகிவிடுகிறது. சர்க்கரை நோய் இருந்தால் இன்னும் மந்தம்.

இதை 'அழற்சி', அதாவது வீக்கம் என்றுதான் முன்பு நினைத்தார்கள். நாள்பட்ட வலி உள்ளவர்களின் தசைநாணை மைக்ரோஸ்கோப்பில் பார்த்தபோது அழற்சிக்கான அடையாளம் அதிகம் இல்லை. சிக்கலாகிப்போன இழைகள்தான் இருந்தன. அதனால்தான் வீக்கத்துக்கான மாத்திரை வலியைக் குறைக்கிறதே தவிர, இழையைச் சீர் செய்வதில்லை.

வீட்டிலேயே மூன்று சோதனை

1. உள்முடிச்சின் மேலும், அதற்குச் சற்று முன்னால், கீழேயும் கட்டைவிரலால் அழுத்துங்கள். 'இதேதான், இங்கேதான்!' என்று சொல்லும்படி வலிக்கிறதா?

2. முன்கையை மேஜைமேல் உள்ளங்கை மேலே பார்க்க வையுங்கள். மணிக்கட்டை மேலே மடக்க முயலுங்கள்; மற்றொரு கையால் அதைக் கீழே தள்ளுங்கள். உள்முடிச்சில் வலிக்கிறதா?

3. கையை நேரே நீட்டி, உள்ளங்கையை மேலே திருப்பி, மற்றொரு கையால் விரல்களைக் கீழ்நோக்கி மெல்ல வளையுங்கள். முன்கை உட்பக்கம் இழுத்துக்கொண்டு வலிக்கிறதா?

மூன்றில் இரண்டுக்கு 'ஆமாம்' என்றால், பெரும்பாலும் இதே கோளாறுதான். உறுதி செய்ய வேண்டியது டாக்டர். பொதுவாக எக்ஸ்ரே, ஸ்கேன்கூடத் தேவைப்படாது. கையால் பரிசோதித்தே சொல்லிவிடுவார்கள்.

இதற்கெல்லாம் காத்திருக்காதீர்கள்!

* மோதிர விரலும் சுண்டு விரலும் மரத்துப்போனால், பலம் குறைந்தால்: உள்முடிச்சுக்குப் பின்னால் ஒரு நரம்பு ஓடுகிறது. முழங்கையைக் கதவில் இடித்துக்கொண்டால் 'ஷாக்' அடிக்குமே, அதே நரம்பு. அது நசுங்கியிருக்கலாம். உடனே எலும்பு டாக்டரைப் பாருங்கள்.

* முழங்கை சிவந்து, வீங்கி, காய்ச்சலும் இருந்தால்: கிருமித் தொற்றாக இருக்கலாம்.

* விழுந்தபின் கையை மடக்கவோ நீட்டவோ முடியாவிட்டால்: எலும்பு முறிவாக இருக்கலாம்.

* இடக்கை வலியோடு நெஞ்சில் அழுத்தம், வியர்வை, மூச்சுத்திணறல் இருந்தால்: முழங்கையை மறந்துவிடுங்கள். 108-க்கு போன் செய்யுங்கள்!

மாத்திரையா, ஊசியா?

வலி மாத்திரையை மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கி, தினமும் போட்டுக்கொண்டே வேலைக்கு உட்காருகிறவர்கள் நிறையப் பேர். சில நாட்களுக்கு, டாக்டர் சொன்ன அளவில் என்றால் சரி. மாதக்கணக்கில் என்றால் வயிற்றில் புண், ரத்த அழுத்தம், சிறுநீரகக் கோளாறு என்று ஒவ்வொன்றாக வரும். முழங்கையைக் காப்பாற்றப் போய் சிறுநீரகத்தை இழக்கலாமா? மேலே தடவுகிற ஜெல்லில் இந்த ஆபத்து குறைவு.

அடுத்தது ஸ்டீராய்டு ஊசி. "ஒரே ஊசி, மறுநாளே தறியில உட்கார்ந்துட்டேன்!" என்று யாராவது சொன்னால் ஆசையாகத்தான் இருக்கும். ஆனால் ஆஸ்திரேலியாவில் டென்னிஸ் எல்போ உள்ள 198 பேரை வைத்து நடத்தி, 2006-ல் வெளியான ஆய்வைக் கேளுங்கள். ஆறாவது வாரத்தில் ஊசி போட்டவர்கள்தான் முன்னணியில் இருந்தார்கள். பிறகு, ஊசியால் குணமானவர்களில் பத்துக்கு ஏழு பேருக்கு வலி திரும்பி வந்தது. ஓராண்டு முடிவில் உடற்பயிற்சி செய்தவர்கள் மட்டுமல்ல, சும்மா காத்திருந்தவர்கள்கூட ஊசிக்காரர்களைவிட நன்றாக இருந்தார்கள்! உட்பக்க வலிக்கும் இந்த எச்சரிக்கை பொருந்தும் என்றே டாக்டர்கள் கருதுகிறார்கள். ஊசி போட்டே ஆக வேண்டும் என்றால், சர்க்கரை நோயாளிகள் அதை முன்கூட்டியே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். சில நாட்களுக்கு ரத்தச் சர்க்கரை ஏறும்.

இழையை நேராக்கும் பயிற்சி

சிக்கலான இழைகளை மறுபடி வரிசைப்படுத்துவது, அளவான பாரம்தான். முழு ஓய்வு கொடுத்தால் வலி குறையும். கூடவே தசைநாணின் பலமும் குறையும். செலவில்லாத பயிற்சி இதோ:

முதல் இரண்டு வாரம்: மேஜையில் முன்கையை உள்ளங்கை மேலாக வையுங்கள். மற்றொரு கையால் உள்ளங்கையைக் கீழே அழுத்துங்கள். அசையாமல் எதிர்த்து நில்லுங்கள். 30 நொடி. ஐந்து முறை. தினம் இரு வேளை.

மூன்றாவது வாரத்திலிருந்து: அரை லிட்டர் தண்ணீர் பாட்டில் ஒன்று. முன்கை மேஜைமேல், மணிக்கட்டு விளிம்புக்கு வெளியே, உள்ளங்கை மேலே. மற்றொரு கையின் உதவியால் பாட்டிலை மேலே கொண்டுவாருங்கள். பிறகு உதவிக் கையை எடுத்துவிட்டு, மனசுக்குள் ஐந்து எண்ணியபடி மெதுவாக இறக்குங்கள். ரகசியமே இந்த 'மெதுவாக இறக்குவதில்'தான் இருக்கிறது. 15 முறை, மூன்று சுற்று, தினம் ஒரு வேளை. சுலபமாகிவிட்டால் ஒரு லிட்டர் பாட்டிலுக்குப் போங்கள்.

செய்யும்போது லேசாக வலித்தால் பயப்பட வேண்டாம். பத்துக்கு மூன்று, நான்கு மார்க் வலி பரவாயில்லை. மறுநாள் காலை வலி கூடியிருந்தால் மட்டும் அளவைக் குறையுங்கள். ஆறு முதல் பன்னிரண்டு வாரம் விடாமல் செய்ய வேண்டும். நாலு நாளில் பலன் எதிர்பார்க்கக் கூடாது!

அரசு மருத்துவமனை பிசியோதெரபி பிரிவில் இதை நேரில் பார்த்துக் கற்றுக்கொள்ளலாம். ஒரு தடவை சரியாகக் கற்றுக்கொண்டால் போதும், மீதியை வீட்டிலேயே செய்துகொள்ளலாம்.

பிடியை மாற்றுங்கள்

தறியில்: அரை மணிக்கு ஒருமுறை ஒரு நிமிஷம் கையை உதறி, விரல்களை விரித்து மூடுங்கள். பலகையை மணிக்கட்டால் வெட்டி இழுக்காமல், மணிக்கட்டை நேராக வைத்து முழுக் கையாலும் தோளாலும் இழுக்கப் பழகுங்கள். வலி உள்ள வாரங்களில் வீட்டில் வேலையை மாற்றிக்கொள்ளுங்கள். தறிக்கும் தார் சுற்றுவதற்கும் மாறி மாறி உட்காரலாம். ஆர்டர் கூடினால், நேரத்தை ஒரே நாளில் ஏற்றாமல் வாரத்துக்கு ஒரு மணி நேரமாக ஏற்றுங்கள்.

சமையலறையில்: துணியை முறுக்கிப் பிழியாமல் குழாயின் மேல் மடித்துப் போட்டு, இரு முனைகளையும் சேர்த்து லேசாகத் திருகுங்கள். மிச்சத்தை வெயில் பார்த்துக்கொள்ளும்! ஒல்லியான கரண்டிக் கைப்பிடியில் துணி சுற்றிக்கொண்டால், இறுக்கிப் பிடிக்க வேண்டியதில்லை. குடத்தை ஒரு கையால் தூக்காதீர்கள். இரண்டு கையாலும், உடம்போடு அணைத்துத் தூக்குங்கள்.

மைதானத்தில்: உங்கள் வீட்டில் யாராவது கோல்ஃபோ, ஷட்டிலோ ஆடினால், ஆட்டத்துக்கு முன் பத்து நிமிஷம் கையைச் சூடேற்றட்டும். அடி தப்பத் தொடங்கினால், கோபத்தில் இன்னும் நூறு பந்து அடிக்க வேண்டாம். நிறுத்தி, பிடியையும் நிற்கிற நிலையையும் பயிற்சியாளரிடம் காட்டட்டும்.

கேள்வி - பதில்

ஐஸா, வெந்நீரா?
வேலை முடிந்து வலி கூடுதலாக இருந்தால், துணியில் சுற்றிய ஐஸ் 10 நிமிஷம். காலையில் விறைப்பாக இருந்தால் வெந்நீர் ஒத்தடம். இரண்டும் சுகம் தரும், குணப்படுத்தாது.

பட்டை போடலாமா?
முழங்கைக்கு இரண்டு, மூன்று விரல் கீழே, முன்கையில் கட்டுகிற பட்டை வேலை நேரத்தில் உதவும். விரல் மரத்துப்போனால் இறுக்கம் அதிகம், தளர்த்துங்கள். தூங்கும்போது வேண்டாம்.

உருவி விடலாமா?
தசையை மெல்லத் தடவி விடலாம். முடிச்சையும், அதன் பின்னால் உள்ள நரம்பையும் அழுத்தி உருவ வேண்டாம்.

ஆபரேஷன் தேவைப்படுமா?
வெகு சிலருக்கே. ஆறு மாதம் முதல் ஓராண்டுவரை முறையாகப் பயிற்சி செய்தும் குணமாகாவிட்டால்தான் அந்தப் பேச்சே. பெரும்பாலானவர்களுக்கு அதற்குள் சரியாகிவிடும்.

அடுத்த முறை முழங்கையில் வலி என்று தைல பாட்டிலைத் திறக்கும்போது, ஒரு கேள்வியை உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள்: 'போன மாசம் என் கைக்கு நான் புதுசா என்ன வேலை கொடுத்தேன்? எதை இவ்வளவு இறுக்கிப் பிடிச்சேன்?' பதில் கிடைத்துவிட்டால், பாதி வைத்தியம் முடிந்தது. மீதிப் பாதி, அந்த அரை லிட்டர் தண்ணீர் பாட்டிலில் இருக்கிறது. இன்றைக்கே ஆரம்பியுங்கள்!